ஏழு பேர்ச்சஸில் கராம்பா, சாதிக்காயா, சர்வசுகந்தியா?

போன மாதம் தங்கச்சி மாப்பிள்ளை கம்பளையில் இரண்டு கராம்புக் கன்று வாங்கிக்கொண்டு அக்கரபத்தனைக்குப் பஸ் ஏறிவிட்டார். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவை விட்டுப் புது வீட்டுக்குக் குடிபோய் நாலு மாதம்தான் ஆகிறது. ஏழு பேர்ச்சஸ் காணி, வாசலில் நின்றால் நாலு பக்கமும் வெறும் செம்மண், அதில் தன் கையால் ஒரு மரம் நட்டு அது காய்ப்பதைப் பார்க்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. பஸ்ஸிலிருந்தே கோல் எடுத்து, "மச்சான், கராம்பை எத்தனை அடி தள்ளி வைக்கணும்?" என்று கேட்டார். அங்கே வைக்கவே வேண்டாம் என்று சொன்னேன். ஏன் வேண்டாம், அப்படியானால் எதை வைப்பது என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. அவரைப் போலவே புது வீட்டுக்குப் போன நிறையப் பேர் இதே கேள்வியோடு இருக்கிறார்கள் என்பதால், வாசனைக் காய் தருகிற மரம் செடிகளில் எது யாருக்குச் சரிப்படும் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நான் இருப்பது இலங்கை மலையகத்தில் புசல்லாவைப் பக்கம். கராம்பு, சாதிக்காய், மிளகு, ஓல்ஸ்பைஸ் என்கிற சர்வசுகந்தி நாலையும் வளர்த்துப் பார்த்தவன்.

முதலில் நிலக்கணக்கு. ஒரு பேர்ச்சஸ் என்பது 272 சதுர அடி, ஏழும் சேர்ந்தால் 1900 சொச்சம். வீடு 550 சதுர அடி போய்விடும். அப்புறம் மலசலகூடக் குழி, படிக்கட்டு, வடிகான், உடுப்பு காயப்போடும் இடம், கோழிக்கூடு. எல்லாம் போக ஆயிரம் சதுர அடி மிஞ்சினால் பெரிய விஷயம். இப்போது ஒரு கராம்பு மரத்துக்கு இருபது அடிக்கு இருபது அடி வேண்டும், அதுவே 400. சாதிக்காய்க்கு இருபத்தைந்து அடிக்குக் குறையக்கூடாது, அப்படியானால் 625. ஒரே ஒரு சாதிக்காய் மரம் உங்கள் காணியில் மிஞ்சின இடத்தில் பாதிக்கு மேல் நிழல் போட்டுவிடும், அதன் கீழே போஞ்சியும் வராது, லீக்ஸும் வராது. கன்று கையில் இருக்கும்போது ஒரு முழம்தான், அதனால் இந்தக் கணக்கு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அதற்கு அடுத்தது ஊர் கடல் மட்டத்திலிருந்து இருக்கிற உயரம். மாத்தளை, உக்குவளை, இறத்தோட்டை, கண்டி, கம்பளை என்று நாம் வாசனைத்திரவியத்துக்குப் பேர்போன ஊர்களாகச் சொல்வதெல்லாம் பெரும்பாலும் மூவாயிரம் அடிக்குக் கீழே உள்ளவை. கராம்பும் சாதிக்காயும் மிளகும் சர்வசுகந்தியும் வெப்பநாட்டு மரங்கள். கராம்பின் பூர்வீகம் மலுக்குத் தீவுகள், சாதிக்காய்க்கு அதன் பக்கத்திலேயே பாண்டாத் தீவுகள், மிளகுக்கு மலையாளக் கரை, சர்வசுகந்திக்கு ஜமேக்காவும் மத்திய அமெரிக்காவும். ஒன்றுகூடப் பனியைப் பார்த்துப் பழகியதல்ல. தை மாசியில் நுவரெலியாப் பக்கம் விடியற்காலையில் கொழுந்தே கருகிப் போகிற மாதிரிப் பனி கொட்டுகிறது, அந்தக் குளிரில் கராம்பு நிற்காது. நின்றாலும் மொட்டு வைக்காது. அக்கரபத்தனை ஐயாயிரம் அடியை ஒட்டிய இடம். தங்கச்சி மாப்பிள்ளையிடம் வேண்டாம் என்றதற்கு முதல் காரணம் அதுதான். ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலை, நுவரெலியா என்று மேலே இருப்பவர்கள் இந்த நாலு மரத்தின் சண்டையை விட்டுவிட்டு, நான் பின்னால் சொல்கிற செடிகளைப் பார்ப்பது நல்லது. புசல்லாவை, கொத்மலை, நாவலப்பிட்டி, கம்பளை, இறத்தோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்குத்தான் இந்த நாலில் எது என்ற கேள்வியே.

சரி, கராம்பு. நம் சனத்துக்குக் கராம்பு மேல் ஒரு மயக்கம் இருக்கிறது, காரணம் விலை. காய்ந்த கராம்பைக் கிலோக் கணக்கில் விற்றவர்களைப் பார்த்திருக்கிறோம். ஆனால் நாம் விற்பது காய் இல்லை, விரியாத மொட்டு. பச்சையாக இருக்கிற மொட்டு அடிப்பக்கம் லேசாகச் சிவக்கத் தொடங்கும்போது பறிக்கவேண்டும், நாலு நாள் பிந்தினால் பூ விரிந்துவிடும், விரிந்த பூவுக்கு விலை இல்லை. பறிக்காமல் விட்டால் அது கருஞ்சிவப்பாக நீளக்காய் ஆகும், அதை விதைக்குத்தான் எடுக்கலாம். நட்டு ஆறு ஏழு வருஷம் கழித்துத்தான் முதல் மொட்டு. அதிலும் ஒரு வருஷம் மரமே தெரியாமல் மொட்டு வைத்தால் அடுத்த வருஷம் இரண்டு கிளையில்தான் வைக்கும். மூன்று கிலோ பச்சை மொட்டு காய்ந்தால் ஒரு கிலோ. மரம் முப்பது நாற்பது அடி போகும், மொட்டு கிளையின் நுனியில்தான் இருக்கும், கிளையோ முறியக்கூடிய கிளை. என் சித்தப்பா ஒருவர் கராம்பு மரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, அதற்குப் பிறகு மலையில் வேலைக்கே போகவில்லை. ஏணியும் மூங்கிலும் கட்டிப் பறிக்கத் தெரிந்தவரைக் கூலிக்குப் பிடித்தால் ஒரு மரத்துக்கென்று அவர் வரமாட்டார். பத்து மரம் இருக்கிற வீட்டுக்குக் கராம்பு நல்ல தொழில். ஒரு மரம் இருக்கிற வீட்டுக்கு அது ஆபத்து மட்டும்தான் என்பது என் எண்ணம். வீட்டுக்கு வேண்டிய கராம்பு என்ன, பல்வலிக்கு நாலு, புரியாணிக்கு பத்து, வருஷத்துக்கு ஒரு கைப்பிடி. அதைக் கடையில் வாங்கிவிடலாம்.

சாதிக்காய் அழகான மரம். பழம் முற்றித் தானாக வெடிக்கும்போது மஞ்சள் தோலுக்குள்ளே மினுமினுக்கிற கறுப்பு ஓடு, அதன் மேலே இரத்தச் சிவப்பில் வலை போட்ட மாதிரி வசவாசி, அதாவது சாதிபத்திரி. அதை முதல்முதலாகப் பார்க்கிற பிள்ளையின் முகத்தைப் பார்க்கவேண்டும். ஏறிப் பறிக்கவேண்டியதும் இல்லை, விழுந்ததைப் பொறுக்கினால் போதும். வசவாசியை உரித்துத் தனியாகக் காயவைக்கவேண்டும், கொட்டையை ஓட்டோடு ஆட்டினால் உள்ளே பருப்பு கடகடவென்று சத்தம் போடும் வரை காயவிடவேண்டும். பழத்தோலை நறுக்கிச் சீனிப் பாகில் போட்டால் தித்திப்பு, உப்பும் மிளகாயும் போட்டால் ஊறுகாய். பேராதனைப் பூங்காவின் வாசனைத்திரவியப் பகுதியில் 1840இல் நட்ட சாதிக்காய் மரங்கள் உண்டு, இடம் இருந்தால் தலைமுறை தாண்டி நிற்கிற மரம் இது.

ஆனால் சாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதையில் முளைத்த கன்றாக இருந்தால் பூக்கிற வரைக்கும் எது என்னவென்று தெரியாது, பூக்க ஆறு ஏழு வருஷம் ஆகும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒட்டுக் கன்று, கட்டாயம் பெண் மரம் என்று சொல்லி ஒரு நேர்சரியில் கொடுத்தார்கள், சாதாரணக் கன்றைவிட மூன்று மடங்கு விலை. ஏழு வருஷம் மழைக்கும் வெயிலுக்கும் பார்த்தேன், சாணி போட்டேன், கோடையில் வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றினேன். எட்டாவது வருஷம் பூத்தது. கொத்துக் கொத்தாகச் சின்னப் பூ, ஒரு கொத்தில் ஏழெட்டு. அத்தை வந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது ஆண் மரம்டா, பெண் மரம்னா ஒண்ணு ரெண்டாத்தான் பூக்கும்" என்றார். அன்றைக்குச் சாயங்காலம் அந்த மரத்தடியில் போய் நின்றபோது அடிமரத்தில் ஒட்டுப் போட்ட தழும்பே இல்லை என்பது தெரிந்தது. வாங்கும்போதே கன்றின் கீழ்ப்பக்கம் ஒரு முடிச்சு மாதிரி, சாய்ந்த வெட்டு ஆறின அடையாளம் இருக்கிறதா என்று பார்த்திருக்கவேண்டும். நீங்கள் வாங்கினால் அதைப் பார்த்து வாங்குங்கள், முடிந்தால் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் வழியாக வருகிற கன்றையே கேளுங்கள். தலைமையகம் பேராதனைப் பக்கம் கெட்டம்பேயில் இருக்கிறது, ஆராய்ச்சி நிலையம் மாத்தளையில்.

சாதிக்காய் பற்றி இன்னொன்று. பச்சைப் பிள்ளை தூங்கவில்லை என்றால் சாதிக்காயைக் கல்லில் இழைத்துத் தாய்ப்பாலில் கலந்து நாக்கில் தடவுகிற பழக்கம் நம் வீடுகளில் இன்னமும் இருக்கிறது. என் அப்பாயியும் செய்தவர்தான். தயவுசெய்து செய்யாதீர்கள். சாதிக்காயில் இருக்கிற மிரிஸ்டிசின் அளவு கூடினால் பெரியவர்களுக்கே தலைசுற்றல், வாந்தி, படபடப்பு வரும். குழந்தைக்கு எவ்வளவு கூடுதல் என்று கல்லில் இழைக்கிற கைக்குத் தெரியாது.

இப்போது சர்வசுகந்திக்கு வருகிறேன், நான் இவ்வளவு நேரம் வர நினைத்தது இங்கேதான். பேர் தெரியாதவர்கள் ஓல்ஸ்பைஸ் என்றோ பிமெண்டோ என்றோ கேள்விப்பட்டிருக்கலாம். மரத்தைப் பார்த்தால் கொய்யா மரத்தின் உறவு என்று சொல்லிவிடலாம். அதே வழுவழு மரம், அதே மாதிரி மெல்லிசாக உரிகிற வெளிர்ப் பட்டை. உண்மையில் உறவுதான். கராம்பு, கொய்யா, நாவல், ஜம்பு, யூகலிப்டஸ், சர்வசுகந்தி எல்லாம் ஒரே குடும்பம். இவற்றில் எதன் இலையையும் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஊசியால் குத்தின மாதிரி சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு எண்ணெய்ப் பை. கசக்கும்போது வாசம் வருவது அந்தப் பை உடைவதால்தான். சர்வசுகந்தி இலையைக் கசக்கினால் முதலில் கராம்பு வாசம் அடிக்கும், காரணம் கராம்பில் இருக்கிற யூஜினோல் இதிலும் இருக்கிறது. ஒரு நிமிஷம் கழித்துக் கறுவா மாதிரி, அப்புறம் மிளகும் சாதிக்காயும் கலந்த மாதிரி. பேர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். கொலம்பஸ் காலத்து ஸ்பானியர்கள் இந்தக் காயைப் பார்த்து மிளகு என்றே நினைத்து அவர்களுடைய பாஷையில் மிளகுக்குரிய பேரையே வைத்துவிட்டார்கள். பிமெண்டோ என்ற பேர் அங்கிருந்து வந்ததுதான். ஜமேக்காக்காரர்கள் காயை அரைத்து இறைச்சியில் தடவி, அந்த மரத்தின் விறகையே எரித்து அந்தப் புகையில் வாட்டுகிறார்கள்.

ஏழு பேர்ச்சஸுக்கு இது ஏன் பொருத்தம் என்றால், காய்க்காகக் காத்திருக்கவேண்டியதில்லை. நட்டு இரண்டு மூன்று வருஷத்தில் மரம் ஆள் உயரம் வந்ததும் முற்றின இலையாகப் பார்த்து ஒன்று இரண்டு பறிக்கத் தொடங்கலாம். எங்கள் வீட்டில் ஆட்டிறைச்சிக் கறிக்கு இரண்டு இலை, பன்றிக்கறி சமைக்கிற பக்கத்து வீட்டுக்கு நாலு இலை, நெய்ச்சோறு என்றால் ரம்பையோடு ஒரு இலை. மழை நாளில் சாயத்தண்ணியில் பாதி இலையைக் கிழித்துப் போட்டு மூடி வைத்தால் இஸ்தோப்பு முழுக்க வாசம் வரும். இதிலும் ஆண் பெண் வேறுபாடு உண்டு, ஆண் மரமாக அமைந்துவிட்டால் காய் பேருக்குத்தான் இருக்கும். ஆனால் சாதிக்காயில் ஆண் மரம் வந்தால் ஒன்றுமே இல்லை, இதில் இலை அப்படியே இருக்கிறது. ஏழு வருஷம் ஏமாந்தவன் சொல்கிறேன், இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே நான் இதைத் தேர்ந்தெடுப்பேன். உயரமும் நம் கையில் இருக்கிறது. தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிப் பழகின கை நமக்கு, வருஷத்துக்கு ஒருமுறை நுனியைத் தட்டிவிட்டால் பத்துப் பன்னிரண்டு அடியில் நிறுத்திவிடலாம். காய் கொஞ்சம் குறையும், குறைந்தால் குறையட்டும். பெண்பிள்ளைகள் வாசலில் முக்காலி போட்டே பறித்துக்கொள்ளலாம், யாரும் ஏறவேண்டாம்.

காய் பறிப்பதில் மட்டும் ஒரு நுணுக்கம். மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாகி, பச்சையாக இருக்கும்போதே பறித்துவிடவேண்டும். பழுத்து ஊதாக் கறுப்பாகிவிட்டால் உள்ளே பிசுபிசுவென்று இனிப்பாகும், சின்னான்குருவி வந்து தின்னும், ஆனால் வாசம் போய்விடும். முதல் வருஷம் நான் பழுத்தால்தான் நல்லது என்று விட்டு, ஒரு சுளகு நிறைய வீணாக்கினேன். இப்போது பச்சையாகப் பறித்து, காம்பு நீக்கி, சுளகில் பரப்பி வெயிலில் வைக்கிறேன். நம் ஊர் வெயிலை நம்பமுடியாது, ஏழெட்டு நாள் எடுக்கும், மழை இருட்டினால் அடுப்பங்கரைப் பரண். காய் தவிட்டு நிறமாகி மேல்தோல் சொரசொரத்துவிடும், நாலைக் கையில் எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் குலுக்கினால் உள்ளே இருக்கிற இரண்டு விதையும் தட்டுகிற சத்தம் கேட்கும். அதுதான் பதம். ஒரு ஜாம் போத்தல் நிறைய இருந்தால் எங்கள் வீட்டுக்கு ஒரு வருஷம் வருகிறது, கறித்தூளுக்கு வறுக்கும்போது கராம்பும் கறுவாவும் பாதியாகக் குறைத்து இதைச் சேர்க்கிறோம்.

குறையைச் சொல்லாமல் விடக்கூடாது. விற்பதற்கு என்றால் கராம்புக்கு இருக்கிற சந்தை இதற்கு இல்லை. மிளகு, கராம்பு வாங்குகிற கடைக்காரர்களில் பலர் சர்வசுகந்தியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள். கன்றும் எல்லா நேர்சரியிலும் கிடைக்காது, புதுப் பழத்தின் விதையைக் கழுவி உடனே போட்டால்தான் முளைக்கும், காயவைத்த விதை முளைக்காது. காசுக்காக நடுபவர் இதை நடவேண்டாம்.

காசுக்காக என்றால் மிளகு. மரமும் இல்லை, கொடி, ஆனால் காயும் வாசமும் இதைத்தான் முதலில் நினைவுக்குக் கொண்டுவரும், எனவே விட முடியாது. "பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம்" என்று பெரியவர்கள் சொன்னது மிளகின் மருத்துவத்தை நினைத்து. சளிக்கு மிளகுத் தண்ணி, அஜீரணத்துக்கு ரசம், பிள்ளை பெற்ற வீட்டில் அரைக்கிற சரக்கு, எதிலும் மிளகு இல்லாமல் முடியாது. நட்டு மூன்று வருஷத்தில் சரம் விடும், கிளிரிசிடியாக் கம்பு நட்டு ஏற்றிவிட்டால் அந்தக் கம்பு தழைத்து ஆட்டுக்கும் தீனி ஆகும், வெட்டிப் போட்டால் பசளையும் ஆகும். ஒரு கொடிக்கு எட்டடிக்கு எட்டடி போதும். பச்சைக் காயைச் சாக்கில் கட்டிக் கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று நிமிஷம் முக்கி எடுத்துக் காயவைத்தால் கன்னங்கரேலென்று மினுங்கும், சீக்கிரமும் காயும். பழுத்துச் சிவந்ததை ஒரு வாரம் தண்ணீரில் ஊறவைத்துத் தோலைக் கசக்கினால் அதே காய் வெள்ளை மிளகு. எதிரி ஒன்றுதான், அடியில் தண்ணீர் தேங்குவது. வாடல் நோய் வந்தால் பத்து நாளில் கொடி முழுக்கத் தொங்கிவிடும், பக்கத்துக் கொடிக்கும் போகும். வடிகான் ஓரத்தில் மிளகை வைக்கவே கூடாது.

இடமே இல்லை, அல்லது காணி உறுதிப் பத்திரம் இன்னும் கையில் வரவில்லை என்பவர்களுக்குப் புதர் மிளகு இருக்கிறது. ஏறுகிற தண்டை வெட்டாமல், காய்க்கிற பக்கக் கிளையை வெட்டி வேர்விட வைத்தால் அது ஏறாது, சட்டியிலேயே இடுப்பளவில் குத்தாக நின்று அங்கொரு சரம் இங்கொரு சரமாகக் காய்த்துக்கொண்டிருக்கும். உறுதி விஷயத்தை நான் லேசாகச் சொல்லவில்லை. லயத்துக்குப் பின்னால் தாத்தா நட்ட தோடை மரமும் பலா மரமும் எங்கள் கண் முன்னால் வெட்டப்பட்டன, மண் எங்களுடையது இல்லை என்பதால் ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை. எட்டு வருஷம் காத்திருக்கவேண்டிய மரத்தை நடுவதற்கு முன்னால் அந்த எட்டு வருஷமும் அந்த மண் உங்களிடம் இருக்குமா என்று யோசிக்கவேண்டிய நிலைமையில் நம்மில் பலர் இன்னும் இருக்கிறோம். அப்படிப்பட்டவர்களுக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய சட்டிச் செடிதான் நான் சொல்வது, வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கறிவேப்பிலையை ஒப்பிடவே தேவையில்லை, எல்லாரும் வையுங்கள். அதன் கறுப்புப் பழத்தின் சதையைப் பிள்ளைகள் தின்பார்கள், கொட்டையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது நஞ்சு. உடுப்புக் காயப்போடுகிற கொடிக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், பழம் தின்கிற குருவி வெள்ளைச் சட்டையை ஊதாவாக்கிவிடும். குளிர் கூடினால் மெதுவாகத்தான் வளரும், அரிசி கழுவின தண்ணீரும் மீன் கழுவின தண்ணீரும் ஊற்றிக்கொண்டு பொறுமையாக இருக்கவேண்டும். நொச்சியும் அப்படித்தான், வேலியோரம் ஒரு கம்பு ஊன்றினால் வந்துவிடும். சின்னக் கறுப்புக் காய் காய்க்கும், ஆனால் நமக்கு வேண்டியது இலை. தலைபாரத்துக்கு ஆவி பிடிக்க, பிள்ளை பெற்றவளுக்குக் குளிக்கத் தண்ணீர் காய்ச்ச, காய்ந்த இலையைத் தலையணைக்குள் வைக்க என்று எனக்குத் தெரிந்து நொச்சி வீணாகிற வீடு இல்லை.

இனி மேலே இருப்பவர்களுக்கு. உங்களுக்கு நான் முதலில் சொல்வது கோப்பி. நம் ஆட்களைக் கடல் கடத்திக் கொண்டுவந்ததே கோப்பிக்காகத்தான். 1869இல் இலைத்துரு நோய் வந்து, அடுத்த இருபது வருஷத்துக்குள் அந்தத் தோட்டங்களெல்லாம் தேயிலையாக மாறினாலும், லயத்து ஓரங்களில் இரண்டு கோப்பிச் செடி எப்போதும் இருந்துகொண்டே இருந்தது. அராபிக்கா வகை நாலாயிரம் அடியில் நன்றாக வரும், ஐயாயிரத்தில் காற்று மறைவான இடமாகப் பார்த்து வைத்தால் வரும். மழை விழுந்து ஒன்பதாம் பத்தாம் நாள் வெள்ளையாகப் பூக்கும்போது மல்லிகைத் தோட்டத்துக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். மூன்றாம் வருஷம் பழம். ஆறடிக்கு மேல் விடாமல் வெட்டிவிடலாம். நாலைந்து செடி இருந்தால், மல்லியும் சுக்கும் சேர்த்து வறுத்து இடிக்கிற வீட்டுக் கோப்பித்தூளுக்குப் பெரும்பகுதி வந்துவிடும்.

அதற்கும் மேலே, நுவரெலியா, ஹக்கலைப் பக்கம் என்றால், தமிழ்நாட்டு மலைகளில் தவிட்டுக் கொய்யா என்று சொல்கிற செடியைத் தேடிப் பாருங்கள். இதுவும் கொய்யாக் குடும்பம்தான், இளஞ்சிவப்புப் பூ, இலையின் அடிப்பக்கம் பூனை மயிர் மாதிரி மெத்தென்று இருக்கும். கருநீலப் பழத்தைப் பச்சையாகவும் தின்னலாம், ஜாமும் காய்ச்சலாம். ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் போனவர்கள் இன்னொரு செடியைப் பார்த்திருப்பீர்கள், இலையைக் கசக்கினால் மூட்டுவலிக்குப் பூசுகிற தைலத்தின் வாசம் அப்படியே அடிக்கும், நீலப் பழம். கோல்தேரியா என்று பேர். இந்தத் தைலத்தின் உயிரான மீதைல் சாலிசிலேற்று அதன் இலையிலேயே இருக்கிறது. ஆசைப்பட்டு அங்கிருந்து பிடுங்கிவராதீர்கள், அது தேசியப் பூங்கா, சட்டப்படி குற்றம். தைலத்தைக் குடிக்கவும் கூடாது, ஒரு தேக்கரண்டி போதும் சின்னப் பிள்ளையின் உயிருக்கு ஆபத்தாக. கற்பூர மரம் ஹக்கலைப் பூங்காவில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஏழு பேர்ச்சஸில் வைத்தால் அது உங்களை வெளியே அனுப்பிவிடும்.

வேலிக்கு வாசமாக இருக்கிறதே என்று உண்ணிச்செடியை மட்டும் வளரவிடாதீர்கள். பூவும் காயும் அழகு, ஆனால் மாடு தின்றால் ஈரல் கெட்டு, வெயில் பட்ட தோலெல்லாம் புண்ணாகும். வீட்டில் ஒரு பசு வைத்துப் பால் ஊற்றுகிறவர்களுக்கு இது பெரிய இழப்பு.

எந்த மரமானாலும் வீட்டுக்குப் பின்னால் மண் வெட்டி இறக்கின மேட்டின் விளிம்பில் நடாதீர்கள். வைகாசி ஆனியில் காற்று அடிக்கும்போது உயர்ந்த மரம் ஆடி ஆடி அடிமண்ணை இளக்கிவிடும். 2014இல் மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களைப் புதைத்ததற்குப் பிறகு நமக்கு மண்மேடு என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அந்த மேட்டில் சேரை என்கிற எலுமிச்சம்புல்லும் வெட்டிவேரும் போடுங்கள், மரத்தைச் சமதரையில் வையுங்கள்.

ஆக என்னிடம் கேட்டால், மூவாயிரம் அடிக்குக் கீழே உறுதியோடு இருக்கிற வீட்டுக்கு வாசலில் ஒரு சர்வசுகந்தி, பின்னால் நாலு மிளகுக் கொடி, வேலியோரம் நொச்சி. உறுதி இல்லாத வீட்டுக்குச் சட்டியில் புதர் மிளகு. மேலே இருக்கிற வீட்டுக்குக் கோப்பி. சாதிக்காய், கராம்பு இரண்டும் இருபது பேர்ச்சஸுக்கு மேல் இருப்பவர்கள் யோசிக்கட்டும்.

தங்கச்சி மாப்பிள்ளைக்கு மறுநாள் சிக்னல் கிடைத்ததும் இதையே சுருக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இந்தக் கன்னு ரெண்டையும் என்ன மச்சான் செய்றது?" என்று கேட்டார். இறத்தோட்டையில் அவருடைய பெரியப்பாவுக்கு அரை ஏக்கர் இருக்கிறது, அங்கே அனுப்பச் சொல்லிவிட்டேன். வருகிற சனிக்கிழமை நான் அக்கரபத்தனைக்குப் போகிறேன், ஐந்து கோப்பிக் கன்று ஈரச் சாக்கில் சுற்றித் தயாராக இருக்கிறது. தங்கச்சி குழியை இப்போதே வெட்டி வைத்துவிட்டாளாம், ஒன்றரை அடி ஆழம், குசினி ஜன்னலுக்கு நேரே.